பெரியப்பாவின் தபால் கார்டு

எங்கள் பெரியப்பா முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பவணந்தியார் நன்னூலில் வகுத்த பத்துக் குற்றங்களையும், குன்றக் கூறல் முதல் நின்று பயனின்மை ஈறாக, மூச்சு விடாமல் ஒப்பிக்க வல்லவர். மாணாக்கன் எவனாவது கூறியதையே கூறிவிட்டால் சிவப்பு மையால் சுழித்து, அது குற்றம் என்பதை ஓரத்தில் மூன்று தடவை எழுதி வைப்பார். இத்தகைய பெரியவர் ஒருவர் நம் குடும்பங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு.

1879-இல் காலணா விலைக்குத் தபால் கார்டைக் கொண்டு வந்த சர்க்கார், உள்ளங்கையகலக் காகிதத்தில் ஜனங்கள் சுருக்கமாகத்தான் எழுத முடியும் என்று நம்பியிருந்தால், பெரியப்பாவைப் போன்றவர்களை அது கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும். சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதமும், இவ்விடம் க்ஷேமமும், அவ்விடத்து க்ஷேமத்துக்குப் பிரார்த்தனையுமாக முன்பக்கத்தில் பாதி போய்விடும். மறுபாதியில் கிணற்றுக்குச் சுவர் எடுத்ததைத் தொடங்கி, அந்தக் கொத்தனாருடைய பாட்டனார் கட்டிய கோயில் மதில் வரையில் சென்று, இடம் தீர்ந்ததும் நான்கு ஓரங்களிலும் எறும்பு ஊர்வதுபோல் எழுத்து சுற்றி வரும். அவர் கார்டைப் படிப்பவன் அதை மோட்டார் ஓட்டுபவன் சக்கரத்தைத் திருப்புவதுபோல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு முறை தாம் ஊருக்கு வரும் தேதியை, வேறு இடமில்லாமையால், மேல்விலாசப் பக்கத்தில் ஸ்டாம்புக்கு அடியில் எழுதியிருந்தார். அதன்மேல் தபாலாபீஸ் முத்திரை ஓங்கி விழுந்திருந்தது. முதல் இலக்கம் 1 என்பது நிச்சயம்; அடுத்தது 3-ஆகவும் இருக்கலாம், 8-ஆகவும் இருக்கலாம். 13-ஆம் தேதி ஸ்டேஷனில் போய் நின்றேன்; 18-ஆம் தேதியும் போவதாக இருந்தேன். அவரோ 16-ஆம் தேதியே தாமாகப் படுக்கைச் சுருளுடன் வந்து இறங்கிவிட்டார்!

“தேதியை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே, பெரியப்பா?” என்றேன்.

“ஏண்டா தம்பி, வீட்டுக்கு வந்தவனைத் திண்ணையிலேயே நிறுத்தி, வந்த காரியம் என்ன என்றா கேட்கிறோம்? உட்காரச் சொல்லி, தாகத்துக்குக் கொடுத்து, நாலு வார்த்தை க்ஷேமம் விசாரித்த பிறகல்லவா விஷயத்துக்கு வர வேண்டும்?”

இதற்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் பெரியப்பா நியாயஸ்தர், சற்று யோசித்து, “குற்றம் கார்டின்மேல். இடம் போதவில்லை” என்று ஒப்புக்கொண்டார்.

1950-இல் இன்லண்டு லெட்டர் வந்தது. அவர் அனுப்பிய முதல் இன்லண்டில் கோயில் மதிலுக்குப் பிறகு கோபுரமும் இடம் பெற்றிருந்தது. கடைசி வாக்கியத்தைக் கோந்து தடவி ஒட்டும் மடிப்பில் எழுதியிருந்தார் போலும். அவசரத்தில் கிழித்துவிட்டேன், என் கையில் தங்கிய துண்டில் “ஆகவே வருகிற” என்பது வரைக்கும் மிகத் தெளிவாக இருந்தது.