வரி போட்ட கை, வைத வாய்

எண்பது வயதில் மற்றவர்கள் பேரன் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள்; ராஜாஜி புதுக் கட்சி ஆரம்பித்தார். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. உழவன் வரப்பில் சர்க்காருக்கு என்ன வேலை என்று கிழவருக்குக் கோபம். சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. நேரு ஆட்சிக்கு அவர் சூட்டிய ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம்’ என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்க்கார் இளைக்க வேண்டும், வரி குறைய வேண்டும், வியாபாரி மூச்சு விட வேண்டும்: இதுதான் உபதேசம்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று இருந்திருக்கும். 1937இல் இதே ஆசாமிதான் சென்னை மாகாணத்தின் பிரதமர். நிதி இலாகாவும் அவர் மடியில். வந்த கையோடு சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. கள்ளுக்கடையை மூடினால் கஜானாவில் துண்டு விழுமே? அதற்காக 1939இல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவிலேயே அதுதான் முதல். குடிகாரன் கட்டிவந்த பணத்தை, குடிக்காதவன் கடையில் சாமான் வாங்கும்போது கட்ட ஆரம்பித்தான். மற்ற மாகாணங்களும் ருசி கண்டுகொண்டன.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1952இல் முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து எடுத்தார். ஆனால் உழவன் வரப்பைத் தொடாதே என்றவர், அவன் தம்ளரை மோந்து பார்க்கப் போலீஸை அனுப்பத் தயங்கியதில்லை. பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று 1953இல் நேரமும் குறித்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் நாற்காலி போயிற்று. சர்க்கார் குறையலாம், ராஜாஜி குறைய மாட்டார்.

1967இல் மக்களவையில் சுதந்திராவுக்கு 44 இடம், 1971இல் எட்டு. அதே வருஷம் கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவர் மழையோடு மழையாக முதல்வர் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டார். லைசென்ஸை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். சாராயத்தை எதிர்க்கத்தான் படியேறினார். எது பெரிய கொள்கை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1972 டிசம்பரில் அவர் போனார், 1974இல் கட்சி போனது. 1991இல் லைசென்ஸ் ராஜ்ஜியத்தைப் பிரித்துப் போட்ட புண்ணியமும் காங்கிரஸுக்கே போய்ச் சேர்ந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்து பழைய விற்பனை வரியின் வாரிசுகளை விழுங்கியது. பெட்ரோல், டீசல், மது போன்றவற்றை விட்டுவைத்தது. மதுவை ஒழித்ததற்கு ஈடாகப் பிறந்த வரியின் வம்சம் தமிழ்நாட்டில் இன்று மது பாட்டிலில் குடியிருக்கிறது. 2003 முதல் அந்தப் பாட்டிலைக் கடை போட்டு விற்பதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்தான்.