21 நாள் கெடு

21 நாள் விடாமல் செய்தால் எந்தப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளுமாமே! காலை நடையை 20-ஆம் நாள் கோட்டை விட்டுவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்தா?

மூக்கைத் திருத்திக்கொண்டீர்களா? இல்லையென்றால் 21 உங்கள் கணக்கே இல்லை. திருத்திய முகம் கண்ணாடியில் தன் முகமாகப் படக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதியவர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ். கீழெல்லையாக அவர் சொன்னதை நாம் கெடுவாக்கிக்கொண்டோம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது, இடைநிலை 66. (12 வாரத்தில் 254 நாளா என்று கேட்பீர்கள். அது போக்கைப் பார்த்துப் போட்ட கணிப்பு.) தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தடித்தது.

கெடு வைக்காவிட்டால் யார்தான் தொடங்குவார்கள் என்றால், நியாயம்தான். ஆனால் 22-ஆம் நாளும் எழ மனமில்லாதவர், கெடுவைச் சந்தேகிக்காமல் தன்னையே உதவாக்கரை என்று முடிவுகட்டுகிறாரே! ஒரு நாள் தவறியதால் பெரிய சேதம் இல்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. செருப்பை மாட்டுங்கள், இன்று 21.