வீதி விலைபோகவில்லை!

தரங்கம்பாடியின் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினால் ஊர் முன்னேறாதா?

அடுக்குமாடி எந்த ஊரிலும் கிடைக்கும். 1620-இல் கட்டத் தொடங்கிய டேனியக் கோட்டை தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரில் கிடைக்கும்? தன்னிடம் மட்டுமே உள்ள சரக்கை எந்தக் கடைக்காரராவது குப்பையில் கொட்டுவாரா?

தரங்கம்பாடி ராஜ வீதியில் ராஜாவே இல்லையே, வீதியைக் காத்து என்ன பயன்?

டென்மார்க் ராஜா 1845-இல் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். வீதி இன்னும் விலைபோகவில்லை!

கிறித்தவ மதபோதகர் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக அச்சேறிய ஊர் அது. அந்த ஊரை அச்சு அசலாகப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்பது நம் கடமை.

பழைய தெருவுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தால் போதும்தானே?

வெற்றிலை பாக்கு இல்லாமல் வெறும் சுண்ணாம்பில் வாய் சிவக்குமா?

2004 சுனாமிக்குப் பிறகு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அங்கே பழைய வீடுகளைச் செப்பனிட்டது. அப்படிப்பட்ட வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும், திண்ணையில் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும், தெருமுனைக் கடையில் வியாபாரம் நடக்க வேண்டும். ஆள் புழங்கினால்தான் தெரு பிழைக்கும்.