யம லிங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள்!

கேள்வி: தொழில் படுத்துவிட்டது. காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. ஏதாவது செய்ய ஊக்கம் எங்கிருந்து வரும்?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: உங்கள் ஊரிலேயே 14 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதில் கிடக்கிறதே! பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையைப் பாருங்கள். ‘ஊக்கம் வரட்டும், நடக்கலாம்’ என்று யாரும் ராஜகோபுரத்தடியில் காத்திருப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எடுத்து வைக்கிறார்கள்; ஊக்கம் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது.

வழியில் எட்டு லிங்கங்கள். மூன்றாவது யம லிங்கம், ஏழாவது குபேர லிங்கம். யமனைக் கண்டதும் பயணமே முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். நிருதி, வருணன், வாயு மூவரையும் தாண்டினால்தானே குபேரன்? கால் கொப்பளித்தவர் முழுத் தூரத்தையும் எண்ணுவதில்லை. அடுத்த லிங்கத்தை மட்டுமே எண்ணுகிறார்.

வாழ்வே வெறுத்துப்போன அருணகிரிநாதரை முருகன் ஆட்கொண்டது உங்கள் ஊர்க் கோயிலில்தான் என்பது மரபு. முடிந்தது என்று அவர் நினைத்த வாழ்வின் மறுபாதியில்தான் திருப்புகழ் பிறந்தது. இன்று கிடைத்திருப்பவை மட்டுமே 1,300 பாடல்களுக்கு மேல்!

நாளைக் காலை மொத்தக் கடனையும் கூட்டிப் பார்க்காதீர்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குப் போன் போடுங்கள். அதுதான் உங்கள் இந்திர லிங்கம், முதல் நிறுத்தம். மனம் தாங்க முடியாமல் கனத்தால், நெருங்கியவரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் யாரும் தனியாக நடப்பதில்லை. நீங்களும் தனியாக நடக்க வேண்டியதில்லை.