பாடி–பெங்களூரு வான்வழித் தொலைவு: ஓர் ஆய்வுரை

சென்னையின் மீனம்பாக்கம், பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையங்களுக்கு இடையே வானில் நேர்க்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 270 கிலோமீட்டர். பயண நேரம் ஒரு மணி சொச்சம். இவை நிறுவப்பட்ட உண்மைகள், அவற்றோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் இவ்வளவையைச் செய்தவர்கள் பாடியில் குடியிருந்தவர்கள் அல்லர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் தொல்சான்று. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் நம் பாடியில்தான் இருக்கிறது. பரத்வாச முனிவர் வலியன் என்னும் பறவையாகி இங்கு ஈசனை வழிபட்டார் என்கிறது தலபுராணம். இவ்வட்டாரத்து வான்போக்குவரத்துக்கு இதனினும் பழைய குறிப்பு இல்லை. அவர் எத்தனை நாழிகை முன்னதாகப் புறப்பட்டார் என்பதைப் புராணம் சொல்லாமல் விட்டது. சிறகுள்ளவர் கத்திப்பாராவைக் கடக்க வேண்டியதில்லை அல்லவா!

சிறகிலார்க்கு வழி நூறடிச் சாலை. பாடி மேம்பால வளையத்தில் சரியான பிரிவைத் தவறவிட்டவர் கொளத்தூரைத் தரிசித்துத் திரும்புவார். அதன்பின் திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர். ஒரு காதம் எத்தனை மைல் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போனதில்லை. கோயம்பேட்டைக் கடக்க எத்தனை நிமிடம் என்பதிலும் அப்படியே.

இனிக் கணக்கு. காலை 9 மணி விமானம் என்று கொள்க. இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள், ஆக 7. சாலைக்கு ஒரு மணி, ஆக 6. இங்கே மாமா விதி குறுக்கிடுகிறது. "எதுக்கும் ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பிடு" என்பது அதன் சூத்திரம். விமானமே ஏறாத மாமாக்களும் இவ்விதியை மீற விடுவதில்லை. ஆக 5.

10 மணிக்குத் தேவனஹள்ளி. பெட்டி வந்து, டாக்சி பிடித்து, மெஜஸ்டிக் சேர நண்பகல். ஏழு மணி நேரத்தில் 270 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 39-க்கும் குறைவு. டவுன் பஸ் ஓட்டுநர் இவ்வேகத்தைத் தன் மீதான அவதூறாகக் கருதக்கூடும். அந்த ஒரு மணியிலும் வானில் இருப்பது சுமார் நாற்பது நிமிடமே. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு நிறுத்துமிடத்தில் நிற்பது வரை பயண நேரம் என்றே கணக்கெழுதுவது அத்துறை வழக்கம். நாமும் வீட்டு வாசலிலிருந்து கணக்கெழுதினால் யாருக்கு என்ன நட்டம்?

அஃதேல், 2017 முதல் திருமங்கலத்தில் மெட்ரோ உண்டே, ஆலந்தூரில் மாறினால் விமான நிலையம் வந்துவிடுமே எனின், அற்றன்று. இரண்டு பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடியோடு ஷேர் ஆட்டோவில் திருமங்கலம் சேர்வது தனி ஆய்வுக்குரியது.

எதிர்வாதிகளின் வலுவான சான்று 2022 நவம்பரில் வந்தது. சென்ட்ரலிலிருந்து மைசூருக்குப் போகும் வந்தே பாரத், நாலரை மணி நேரத்தில் பெங்களூரு சேர்ந்துவிடுகிறது. அதுவும் நம் கொரட்டூர் வழியாகவே! பாடிவாசிகள் அதைப் பார்க்கலாம், கை அசைக்கலாம், ஏற முடியாது. காட்பாடியில் நிற்கும், பாடிக்கு நிற்காது.

எனவே ரயில்வே வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம்: கொரட்டூரில் ஒரே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இந்த ஆய்வு முழுவதும் பயனற்றுப் போகும். ஆய்வாளருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.