ஸ்பிட்ஃபயரின் அண்ணன்

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் ஒன்றுகூடி எடுத்த படங்களை நண்பர் அனுப்பினார். எம்.ஜி., ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் எல்லாம் பளபளக்கின்றன. எங்கள் கரிசல் காட்டுக்கும் இவற்றுக்கும் ஒட்டுறவு ஏதும் உண்டா?
- வாசகர் ஒருவர், திருச்சுழி

பதில்: ரத்த உறவே உண்டு! சென்னை வண்டலூர் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஸ்பிட்ஃபயருக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் வந்தது 1959-இல். அதன் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. அண்ணன் குடும்பத்தைச் சுமந்தான். தம்பி இரண்டே பேரோடு பறந்தான்.

சந்தேகமிருந்தால் இரண்டின் பானெட்டையும் திறந்து பாருங்கள். மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாயும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜினைப் பார்க்கலாம். ஹெரால்டு திரும்ப 25 அடி வட்டம் போதும். அருப்புக்கோட்டைக் கடைவீதிக்கு இதைவிட என்ன வேண்டும்! இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின்னாளில் நான்கு கதவு வைத்தவர்கள் நம்மவர்கள்.

உங்கள் பக்கம் எந்த வீட்டிலாவது ஹெரால்டு நின்றால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போகவிடாதீர்கள். மழைக்கு ஏங்கும் உங்கள் வறண்ட காற்று தகரத்துக்கு நல்லது; கடலோரச் சென்னையைவிட அங்கே துரு மெதுவாகத்தான் ஏறும். வெயில் உச்சிக்கு வருமுன், சீமைக் கருவேலம் பின்னால் தெரிய, பானெட்டைத் திறந்துவைத்துப் படம் எடுங்கள். சேஸிஸ் எண் தகட்டையும் தனியாக எடுங்கள். வண்டியை மீட்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.