வால்வைத் தூக்கிய வள்ளலே!

பழைய மாருதி 800 வைத்திருக்கும் கொரட்டூர்க்காரரே, உங்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. 1983-ல் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. இன்றுவரை அதை விற்காமல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பாசம் பெரிது. அதைவிடப் பெரிது உங்கள் துணிச்சல். அக்னி நட்சத்திரத்து மதியம், பாடி மேம்பாலத்தை ஒட்டிய நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. வேறு யாராக இருந்தாலும் ஓரங்கட்டி என்ஜினை அணைத்திருப்பார்கள். நீங்கள் அசரவில்லை. "வீடு பக்கத்துலதானே, போயிடலாம்" என்று ஓட்டினீர்கள். அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைகிறது, கேஸ்கட் போகிறது. என்ஜின் கேட்டது அரைமணி நேர ஓய்வு. அதைக் கொடுக்காமல், லேத் பட்டறைக்கு ஹெட் ஃபேஸிங் வேலையும் மெக்கானிக்குக் கேஸ்கட் மாற்றும் வேலையும் கொடுத்தீர்கள். ஊரில் நாலு பேர் பிழைக்க வழி செய்பவரை வள்ளல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

உங்கள் வீரத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. பானெட்டைத் தூக்கியதும், கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைப் பழந்துணி சுற்றித் திருகினீர்கள். அந்த மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது கிட்டத்தட்ட 0.9 பார் கூடுதல் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மீதியையும் அள்ளிக்கொண்டு முகத்துக்கு நேராகப் பாயும். அதற்கும் அஞ்சாமல் குனிந்து பார்த்தவர் நீங்கள்.

அந்த மூடியின் ரப்பர் காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது, மாற்றவில்லை. அழுத்தம் நிற்காத மூடி போட்டால் நல்ல என்ஜினும் கொதித்துவிடும் என்பதெல்லாம் உங்கள் சிக்கனத்தின் முன் நிற்குமா? கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பாடி. அங்கே 1966-ல் தொழிற்சாலை தொடங்கிய சுந்தரம் ஃபாசனர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பியது. கடல் கடந்திருப்பவர்கள் நம் ஊர்க் கம்பெனியின் மூடியை நம்பி வாங்கினார்கள். பக்கத்து ஊரில் பேர்போன பொருளுக்கும் ஆசைப்படாத துறவு உங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

நீர்தானத்திலும் உங்களுக்கு நிகர் இல்லை. குடிக்க மட்டும் கேன் தண்ணீர். காருக்குப் போர் தண்ணீர். உப்புச் சுவையால் நீங்கள் வாயில் வைக்கத் தயங்கும் தண்ணீரை என்ஜினுக்கு வாரி வழங்கினீர்கள். அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடு பட்டதும் உப்புப் பாறையாக ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிகின்றன. பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமந்து போய் வெளியே கொட்ட வேண்டிய குழாய்கள் அவை. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு படலம் கூடுகிறது, வழி குறுகுகிறது. துரு தனியாக வேலை செய்கிறது.

கூலன்ட் நீங்கள் வாங்காமல் இல்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து வியந்தாள். மாலை சூட்டி, நெய் பூசி, பளபளவென்று காவலில் இருந்தன அவனுடைய ஆயுதங்கள். அதியமானுடையவையோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. நாம் இருப்பதும் அதே தொண்டை நாடு. உங்கள் டிக்கியைத் திறந்தால் பச்சைக் கூலன்ட் கேன் சீல் உடையாமல் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதில் இன்னும் அழியவில்லை. துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் செய்த திரவத்தை, என்ஜினின் அழுக்குப் படாமல் காப்பாற்றிவிட்டீர்கள்.

உங்கள் கொடையின் சிகரம் வால்வுதான். "இது குளிர் நாட்டுக்காரனுக்கு வச்சது சார், நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று மெக்கானிக் கேட்டதும், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூரப் போடச் சொன்னீர்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததுபோல், ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்தீர்கள். பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் 82-லிருந்து 88 டிகிரிக்குள் திறக்கும் வால்வு அது. வெளியே மே மாதமா மார்கழியா என்று அது பார்ப்பதில்லை. என்ஜினைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதுதான் அதன் வேலை. அது இல்லாத என்ஜின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். வால்வு பழுதா என்று பார்க்க ஒரு பாத்திரத் தண்ணீர் போதும். நூலில் கட்டி மூழ்கவிட்டு அடுப்பேற்றினால், நல்ல வால்வு கொதிக்கும் முன்பே வாய் திறக்கும். திறக்காவிட்டால் புதிது போட வேண்டும். அந்தச் சின்னச் சோதனையால் உங்கள் கொடைக்குத் தடை வந்துவிடக் கூடாது என்று நினைத்தீர்கள் போலும்.

இத்தனைக்கும் நோய் என்னவென்று அந்த வண்டி ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தது. 200 அடி சாலையில் வேகம் பிடித்தால் முள் இறங்கும். சிக்னலில் நின்றால் ஏறும். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எனவே முதலில் பார்க்க வேண்டியது ஃபேன்: அதன் மோட்டார், ஃபியூஸ், ரிலே, தெர்மோ ஸ்விட்ச். இதற்கு நேர்மாறாக, ஓட ஓட முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ வாட்டர் பம்ப்பையோ சந்தேகிக்கலாம். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டரில் வழி இல்லை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஹோஸ் விறைத்து, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் மட்டுமே கேஸ்கட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

நீங்களோ இப்படி வண்டியை விசாரித்துச் சங்கடப்படுத்தாத பெருந்தன்மைக்காரர். முதலில் ரேடியேட்டரை மாற்றினீர்கள். பிறகு வாட்டர் பம்ப். பிறகு ஹெட்டை இறக்கினீர்கள். ஃபேனுக்குப் போகும் ஒயரில் கனெக்டர் கருகிக் கிடந்ததைக் கடைசியில்தான் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்தார். அதற்குள் மூன்று பட்டறைகள் உங்களால் வாழ்ந்துவிட்டன.

ஒரு பழைய என்ஜின் சூடாவதில் குற்றமில்லை. முப்பது வருடம் உழைத்த இரும்புக்கும் ரப்பருக்கும் அந்த உரிமை உண்டு. அது எப்போது சூடாகிறது, எங்கே சூடாகிறது என்று நின்று கேட்க ஒரு காலைப்பொழுது போதும். குளிர்ந்த என்ஜினில் தண்ணீர் மட்டம், மூடி, ஹோஸ், ஃபேன், வால்வு என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். ஹெட்டை இறக்குவது அந்த வரிசையில் கடைசி. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் பெருமையை மட்டும் இனி விட்டுக்கொடுத்துவிடுங்கள் வள்ளலே. கொடுப்பது உங்களுக்குப் புதிதில்லையே!